மிட்டாய்க்குள் ஒரு தடுப்பு மருந்து: மிகைல் சுமக்கோவின் ஆய்வு வாழ்க்கை

(பொது சுகாதார ஊழியர்களும் கட்சி உறுப்பினர்களும் பங்கேற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொள்ளைநோய்களைப் பற்றியும் பொது சுகாதாரத்தைப் பற்றியும் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொதுவான கருத்துகளை வரிசைப்படுத்திச் சொல்வதைக் காட்டிலும், கொள்ளைநோய் வைரஸ்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு மனிதரின் கதையைச் சொல்வது பயனுடையதாக இருக்கும் என்று கருதுகிறேன்.

இங்கே அங்கன்வாடி ஊழியர்களும் ஆஷா ஊழியர்களும் அமர்ந்திருக்கிறீர்கள். குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்று, குழந்தைகளின் வாயில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்தவர்கள் நீங்கள். அந்த இரண்டு சொட்டு மருந்து உலகத்தின் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குப் போய்ச் சேருவதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர், வலது கை செயலிழந்த ஒரு சோவியத் மருத்துவர். அவர் பெயர் மிகைல் பெத்ரோவிச் சுமக்கோவ். நம்மில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அவருடைய உழைப்பின் பயன் நம் வீட்டுப் பிள்ளைகளின் கால்களில் இருக்கிறது.

தைகா காட்டில் ஒரு புதிய நோய்

சுமக்கோவ் 1909-ஆம் ஆண்டு ருஷ்யாவின் துலா மாகாணத்தில் ஒரு சிற்றூரில், எளிய குடும்பத்தில் பிறந்தார். புரட்சி நடந்தபோது அவருக்கு ஏறத்தாழ எட்டு வயது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவுகள் திறக்கப்பட்ட அந்தத் தலைமுறையில் அவர் மாஸ்கோவில் மருத்துவம் பயின்றார்.

1930-களில் சோவியத் நாட்டின் தூரக் கிழக்குப் பகுதியில் ஒரு விநோதமான நோய் தோன்றியது. வசந்த காலத்தில் தொடங்கிக் கோடையின் முற்பகுதியில் உச்சத்தை அடையும். கடுங்காய்ச்சல், தலைவலி, பிறகு கழுத்தும் கைகளும் செயலிழத்தல், பலருக்கு மரணம். பிழைத்தவர்களிலும் பலர் ஊனமுற்றார்கள்.

இந்த நோய் ஏன் அப்போது வெளிப்பட்டது? மஞ்சூரியாவை ஜப்பானிய ஏகாதிபத்தியம் ஆக்கிரமித்திருந்தது. எல்லையைக் காக்கச் செஞ்சேனைப் படைகள் தைகா காடுகளுக்குள் நிறுத்தப்பட்டன. மரம் வெட்டும் தொழிலாளர்களும் புதிய குடியேறிகளும் அதுவரை மனிதக் காலடி அதிகம் படாத காடுகளுக்குள் நுழைந்தார்கள். காட்டு விலங்குகளுக்கும் பூச்சிகளுக்கும் இடையே பன்னெடுங்காலமாகச் சுற்றி வந்த கிருமி, புதிய மனிதர்களைச் சந்தித்தது. நோய் வானத்திலிருந்து குதிக்கவில்லை. மனிதரின் உழைப்பும் குடியேற்றமும் போர்த் தயாரிப்பும் சேர்ந்து அதற்கான வாய்ப்பை உருவாக்கின.

1937-ஆம் ஆண்டு வசந்தத்தில், லெவ் சில்பர் என்ற வைரஸ் ஆய்வாளரின் தலைமையில் மக்கள் சுகாதாரத் துறை ஓர் ஆய்வுக் குழுவை அங்கே அனுப்பியது. இருபத்தேழு வயது சுமக்கோவ் அதில் ஓர் உறுப்பினர். அக்குழுவில் லெவ்கோவிச், ஷுப்லாத்சே, ஷெபல்தாயெவா போன்ற பெண் ஆய்வாளர்களும் இருந்தார்கள். நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்றும், கொசுவால் பரவுகிறது என்றும் அப்போது பலர் கருதினார்கள். சில்பர் நோயாளிகளின் விவரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். பருவத்தின் முதல் நோயாளிகளில் ஒருவர் ஓர் இல்லத்தரசி. வேறு நோயாளிகளுடன் அவருக்குத் தொடர்பே இல்லை. கொசுக்கள் தோன்றும் காலமும் அதுவல்ல. ஆனால் சில நாட்களுக்கு முன் அவர் காட்டுக்குப் போய்க் கொட்டைகள் பொறுக்கி வந்திருந்தார். வீடு திரும்பியபோது உடலில் உண்ணிகள் ஒட்டியிருந்தன. அந்தச் சிறு தகவல்தான் திறவுகோல். நோயைப் பரப்புவது உண்ணி என்ற முடிவுக்குக் குழு வந்தது. தடுப்பூசி வருவதற்கு முன்பே, உண்ணிக் கடியிலிருந்து காத்துக்கொள்ளும் முறைகள் தொழிலாளர்களிடையே பரப்பப்பட்டன. மூன்று மாத காலத்தில் வைரசைப் பிரித்தெடுத்து, அது பரவும் வழியையும் கண்டறிந்தார்கள்.

ஒரு மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளில் "என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே போய் வந்தீர்கள்" என்பதும் ஒன்று என்பதை அந்த இல்லத்தரசியின் பதில் காட்டுகிறது. நோயாளியின் உழைப்பையும் வாழ்க்கையையும் அறியாதவருக்கு அவருடைய நோயும் முழுமையாக விளங்காது.

இந்தக் கண்டுபிடிப்புக்குக் குழுவினர் கொடுத்த விலை பெரிது. சுமக்கோவுக்கே நோய் தொற்றியது. உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை செயலிழந்தது. கேட்கும் திறனும் பெருமளவு போயிற்று. உடன் பணியாற்றியவர்களிலும் சிலர் நோயுற்றார்கள். அதற்குப் பிறகு ஐம்பதாண்டுக்கும் மேலாக அவர் செய்த பணி அனைத்தும் அந்த ஊனத்துடன் செய்த பணியே.

மறைக்கக் கூடாத ஒரு பக்கம்

தோழர்களே, அடுத்து நடந்ததைச் சொல்லாமல் தாண்டிச் சென்றால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவன் ஆகமாட்டேன்.

வெற்றியுடன் மாஸ்கோ திரும்பிய சில மாதங்களிலேயே, 1937-ஆம் ஆண்டின் இறுதியில், குழுவின் தலைவர் சில்பர் கைது செய்யப்பட்டார். எந்த நோயை அவர் கண்டறிந்தாரோ, அதே மூளைக்காய்ச்சலைப் பரப்பினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. குழுவின் பெண் ஆய்வாளர் ஷெபல்தாயெவாவும் கைது செய்யப்பட்டார். 1939-இல் விடுதலை ஆன சில்பர் 1940-இல் மீண்டும் கைதானார். வடக்கே பெச்சோரா முகாமில், ஊட்டச்சத்துக் குறைவால் கைதிகள் மடிவதைக் கண்டு, அங்கே கிடைத்த பனிமான் பாசியிலிருந்து மருந்து தயாரித்துப் பலரைக் காப்பாற்றினார். பென்சிலின் ஆய்வுக்குப் புகழ்பெற்ற சினாய்தா எர்மொல்யெவா உள்ளிட்ட விஞ்ஞானிகள் விடாமல் முறையிட்டதால் 1944-இல் விடுதலை பெற்றார். மூளைக்காய்ச்சல் ஆய்வுக்காக 1941-இல் ஸ்டாலின் பரிசு வழங்கப்பட்டபோது சுமக்கோவின் பெயர் பட்டியலில் இருந்தது. குழுவை வழிநடத்திய சில்பரின் பெயர் இல்லை.

இதை நம் எதிரிகள்தான் பேச வேண்டும், நாம் பேசக் கூடாது என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. ஒரு சோசலிச அரசு தன் சொந்த விஞ்ஞானியைச் சந்தேகித்துச் சிறையில் அடைத்தபோது இழந்தது அந்த விஞ்ஞானி மட்டுமல்ல, உழைக்கும் மக்களும்தான். கொள்ளைநோயை எதிர்கொள்வதற்கு முதல் தேவை உண்மை. நோய் இருக்கிறது என்று சொல்பவரை நோயைப் பரப்புபவராகப் பார்க்கும் ஆட்சி, எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும், மக்களைக் காக்க முடியாது.

இதை இன்றைய இந்தியாவுடன் பொருத்திப் பாருங்கள். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கோவிட் காரணமாக இந்தியாவில் நேர்ந்த கூடுதல் மரணங்கள் சுமார் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் அதிகாரபூர்வக் கணக்கு 5 லட்சத்துக்கும் குறைவு. மதிப்பீட்டு முறையை ஏற்க முடியாது என்று ஒன்றிய அரசு நிராகரித்தது. ஆனால் நம்பகமான மாற்றுக் கணக்கை மக்கள் முன் வைத்து விவாதிக்க முன்வரவில்லை. கங்கைக் கரை மணலில் புதைக்கப்பட்ட உடல்களை நாம் கண்டோம். அவற்றைக் கணக்கெடுக்கச் சொன்னது தேசத்துரோகமாகக் காட்டப்பட்டது. சில்பருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டிக்கும் துணிவு நமக்கு இருந்தால்தான், இதையும் கண்டிக்கும் தார்மீக உரிமை நமக்கு உண்டு.

வயலிலும் காட்டிலும் உழைப்பவர்களின் நோய்கள்

சுமக்கோவ் தன் பணியைத் தொடர்ந்தார். 1944-இல் கிரீமியா நாஜிப் படைகளிடமிருந்து விடுவிக்கப்பட்டது. போரில் பயிரிடப்படாமல் கிடந்த நிலங்களில் முயல்கள் பெருகியிருந்தன. அவற்றுடன் உண்ணிகளும் பெருகின. அறுவடைக்கு உதவச் சென்ற செஞ்சேனை வீரர்களும் விவசாயிகளும் இரத்தப்போக்குடன் கூடிய காய்ச்சலால் விழுந்தார்கள். சுமக்கோவின் குழு அங்கே சென்று, அது உண்ணிகளால் பரவும் வைரஸ் நோய் என்று நிறுவியது. அதே வைரஸ் ஆப்பிரிக்காவின் காங்கோவிலும் இருப்பது பின்னர் தெரியவந்தது. எனவே இன்று அது கிரீமிய-காங்கோ காய்ச்சல் எனப்படுகிறது. 1947-இல் சைபீரியாவின் ஓம்ஸ்க் பகுதியில் மற்றொரு இரத்தப்போக்குக் காய்ச்சலின் வைரசையும் அவர் கண்டறிந்தார். உரோமத் தோலுக்காக வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீரெலிகள் அந்த நோய்ப் பரவலில் பங்கு வகித்தன.

இவை எங்கோ நடந்த கதைகள் அல்ல. 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அதைத் தொடர்ந்து காட்டுக்குள் சென்றுவந்த கிராம மக்கள் காய்ச்சலால் பாதிக்கப்பட்டார்கள். புனேயில் இருந்த வைரஸ் ஆய்வு மையம் ஆராய்ந்தபோது, அது சுமக்கோவும் தோழர்களும் தைகாவில் கண்டறிந்த வைரசின் நெருங்கிய உறவு என்பது தெரியவந்தது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் அதைக் கொண்டு வந்திருக்குமோ என்று ஐயுற்று, பறவைகளையே வளையமிட்டு ஆராய்ந்தார்கள். அதுதான் கியாசனூர் வனக் காய்ச்சல். மக்கள் மொழியில் குரங்குக் காய்ச்சல். கிரீமியாவின் காய்ச்சலும் 2011 ஜனவரியில் குஜராத்தின் அகமதாபாத் அருகே வெளிப்பட்டது. நோயுற்ற பெண் மட்டுமல்ல, அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரும் செவிலியரும் உயிரிழந்தார்கள்.

குரங்குக் காய்ச்சல் யாரைத் தாக்குகிறது? விறகு பொறுக்கவும், சருகு சேகரிக்கவும், மாடு மேய்க்கவும் காட்டுக்குள் போகிறவர்களை. சிறு விவசாயிகளையும் கூலித் தொழிலாளர்களையும் பழங்குடி மக்களையும். காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் அதற்குள் ஊடுருவ ஊடுருவ, உண்ணிக்கும் மனிதருக்கும் இடையிலான தூரம் குறைந்தது. சிவமொக்காவில் தொடங்கிய நோய் இன்று வயநாடு, நீலகிரி வரை மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகப் பரவியிருக்கிறது. பல ஆண்டுகளாகப் போடப்பட்டு வந்த பழைய தடுப்பூசி போதிய பாதுகாப்பு அளிக்கவில்லை என்பதால் 2022-இல் நிறுத்தப்பட்டது. நோய் கண்டறியப்பட்டு அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்பும் அந்த மக்களுக்கு உறுதியான தடுப்பூசி இல்லை. விறகு பொறுக்குகிற பெண்ணால் மருந்து நிறுவனத்துக்கு இலாபம் தர முடியாது. நோய்க்கான மருந்து எப்போது வரும் என்பதை நோயின் கடுமை தீர்மானிப்பதில்லை. நோயாளியின் வர்க்கம் தீர்மானிக்கிறது.

இரண்டு சொட்டின் கதை

இனி போலியோவுக்கு வருகிறேன். 1950-களில் சோவியத் நாட்டில் இளம்பிள்ளை வாதம் வேகமாகப் பரவியது. ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 1955-இல் மாஸ்கோவில் போலியோ ஆய்வுக்கென்று ஒரு தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் இயக்குநர் சுமக்கோவ். அவருடைய மனைவியும் ஆய்வுத் தோழருமான மரினா வரஷீலவாவும் அங்கே பணியாற்றினார்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜோனாஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி அனுமதி பெற்றது. கொல்லப்பட்ட வைரசைக் கொண்ட ஊசி அது. ஆனால் சில வாரங்களிலேயே, கட்டர் என்ற தனியார் நிறுவனம் தயாரித்த ஊசிகளில் உயிருள்ள வைரஸ் எஞ்சியிருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ 200 பேர் முடக்குவாதத்துக்கு ஆளானார்கள். பத்துப் பேர் இறந்தார்கள்.

1956-இன் தொடக்கத்தில் சுமக்கோவ், வரஷீலவா, லெனின்கிராட் விஞ்ஞானி அனதோலி ஸ்மொரதின்த்செவ் ஆகிய மூவரும் அமெரிக்கா சென்றார்கள். பனிப்போர் உறைந்திருந்த காலம் அது. அங்கே அவர்கள் சால்க்கைச் சந்தித்தார்கள். ஆல்பர்ட் சபினையும் சந்தித்தார்கள். சபின் வேறு வழியில் முயன்று கொண்டிருந்தார். வைரசைக் கொல்லாமல் பலவீனப்படுத்தி, வாய்வழியாகக் கொடுப்பது அவருடைய முறை. ஊசி வேண்டாம். பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டாம். செலவும் மிகக் குறைவு. குடலிலேயே எதிர்ப்புச் சக்தி உருவாவதால் பரவலையும் தடுக்கும். ஆனால் அதைப் பெரிய அளவில் சோதிக்க அமெரிக்காவில் வழியில்லை. அங்கே கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு ஏற்கெனவே சால்க் ஊசி போடப்பட்டிருந்தது. கட்டர் நிகழ்வுக்குப் பிறகு உயிருள்ள வைரஸ் என்றாலே அச்சம்.

சபின் தன் வைரஸ் வகைகளைச் சோவியத் விஞ்ஞானிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார். அவற்றுக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அரசுகள் அணு ஆயுதங்களைக் குவித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு நாடுகளின் விஞ்ஞானிகள் குழந்தைகளுக்கான மருந்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உயிருள்ள வைரசைப் பிறர் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன் யாருக்குக் கொடுப்பது? ஸ்மொரதின்த்செவ் தன் சொந்தப் பேத்திக்குக் கொடுத்தார். சுமக்கோவும் வரஷீலவாவும் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பெற்றோரிடம் "அச்சப்படாதீர்கள்" என்று சொல்வதற்கு முன் அவர்கள் செய்தது இது. பாதுகாப்பு உறுதியான பிறகு, 1959-இன் தொடக்கத்தில் எஸ்தோனியா, லிதுவேனியா ஆகிய குடியரசுகளில் விரிவான அளவில் மருந்து கொடுக்கப்பட்டது.

இங்கும் தடை இல்லாமல் இல்லை. சால்க் ஊசியை ஏற்றுக்கொண்டிருந்த சுகாதார அமைச்சக அதிகாரிகள் தயங்கினார்கள். அப்போது சுமக்கோவ் அதிகாரப் படிநிலையைத் தாண்டி, கிரெம்ளின் தொலைபேசியில் அனஸ்தாஸ் மிக்கோயனை நேரடியாக அழைத்து ஒப்புதல் பெற்றார் என்று அவருடைய குடும்பத்தார் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மக்கள் நலனுக்காக ஒப்புதல் தரும் அரசியல் உறுதியும், அதை வற்புறுத்திக் கேட்கும் விஞ்ஞானியும் ஒருசேர வேண்டியிருக்கிறது.

மருந்தைக் குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவதற்காக, மாஸ்கோவின் இனிப்புத் தொழிற்சாலையில் அதை மிட்டாய்க்குள் வைத்துத் தயாரித்தார்கள். பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் ஆசிரியர்களும் செவிலியர்களும் அந்த மிட்டாயைக் கொடுத்தார்கள். 1959-ஆம் ஆண்டிலேயே ஒன்றரைக் கோடிப் பேருக்குக் கொடுக்கப்பட்டது. 1960-இல், இருபது வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ 7 கோடியே 70 லட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்டது. நோய் சரசரவெனக் குறைந்தது. அமெரிக்காவில் பலர் இந்த விவரங்களை நம்ப மறுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் யேல் பல்கலைக்கழகத்தின் டோரதி ஹார்ஸ்ட்மன் நேரில் வந்து பார்த்து, பணி முறையாக நடந்திருக்கிறது என்று அறிக்கை அளித்தார். அதன் பிறகுதான் அமெரிக்காவும் 1961-இலிருந்து சபின் மருந்துக்கு உரிமம் வழங்கியது. அமெரிக்கர் கண்டுபிடித்த மருந்து, சோவியத் குழந்தைகள் வழியாக அமெரிக்கக் குழந்தைகளைப் போய்ச் சேர்ந்தது.

தாய்மார்களின் போராட்டமும் புரட்சியின் காவலர்களும்

1960-இல் ஜப்பானில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போலியோவால் பாதிக்கப்பட்டார்கள். சோவியத் நாட்டில் மருந்து இருப்பதை அறிந்த ஜப்பானியத் தாய்மார்கள், தொழிற்சங்கங்களின் துணையுடன் தெருவில் இறங்கினார்கள். கைக்குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு அமைச்சகத்தின் முன் திரண்டார்கள். "கம்யூனிஸ்ட் நாட்டு மருந்து" என்று தயங்கிய அரசு பணிந்தது. 1961 கோடையில் 1 கோடியே 30 லட்சம் தவணை மருந்து இறக்குமதி செய்யப்பட்டது. அதில் 1 கோடி சோவியத் நாட்டிலிருந்து வந்தது. மிகுதி கனடாவிலிருந்து வந்தது.

கியூபாவில் புரட்சி நடந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. 1962-இல் சோவியத் மருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்கள் புரட்சிப் பாதுகாப்புக் குழுக்களின் உறுப்பினர்களான சாதாரண மக்கள். அமெரிக்கக் கண்டங்களில் போலியோவை முதலில் ஒழித்த நாடு கியூபா. மருந்து ஆய்வகத்தில் பிறக்கலாம். ஆனால் அதற்குக் கால்கள் முளைப்பது மக்கள் அமைப்பில்தான்.

இந்தியா எங்கே நின்றது?

1950-களில் போலியோ தடுப்பூசி தயாரிப்பதற்குக் குரங்குகளின் சிறுநீரகச் செல்கள் தேவைப்பட்டன. இந்தியக் காடுகளில் பிடிக்கப்பட்ட குரங்குகள் அதற்காகப் பெருந்தொகையில் மேலை நாடுகளுக்குக் கப்பலிலும் விமானத்திலும் போயின. நம் குரங்குகள் போனதற்கு இருபது ஆண்டுகளுக்கும் பிறகுதான், 1970-களின் இறுதியில், போலியோ சொட்டு மருந்து நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது. குன்னூர் பாஸ்டர் ஆய்வகம் 1960-களிலேயே சொட்டு மருந்து தயாரிக்க முயன்றும், அது தொடரவில்லை.

பிற நாட்டு அனுபவத்தை அப்படியே நகலெடுத்தாலும் போதாது என்பதை நம் விஞ்ஞானிகள் காட்டினார்கள். வேலூரில் பணியாற்றிய டி. ஜேக்கப் ஜான், குளிர்நாடுகளில் மூன்று தவணையில் நல்ல பலன் தந்த மருந்து நம் குழந்தைகளுக்கு அதே அளவில் பலன் தரவில்லை என்பதை ஆய்வின் மூலம் நிறுவினார். கூடுதல் தவணைகள் தேவைப்பட்டன. 1995-இல் நாடு தழுவிய முகாம்கள் தொடங்கின. பல லட்சம் ஊழியர்களின் உழைப்பால், 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தையே இந்தியாவின் கடைசி நோயாளி ஆனது. 2014 மார்ச் மாதம் நம் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. உயிருள்ள வைரஸ் மருந்தால் மிக அரிதாகப் பாதிப்பு நேரக்கூடும் என்பதால், கொல்லப்பட்ட வைரஸ் ஊசியும் இப்போது சேர்த்துத் தரப்படுகிறது. இதையும் நாம் மக்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் வதந்திக்கு இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

1989-இல் உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷகரில், சோவியத் தொழில்நுட்ப உதவியுடன் போலியோ மருந்தை மூலத்திலிருந்தே தயாரிப்பதற்காக ஒரு பொதுத்துறை நிறுவனம் அமைக்கப்பட்டது. ஆனால் தாராளமயக் கொள்கை வந்தது. மூலத்திலிருந்து தயாரிக்கும் திட்டம் கைவிடப்பட்டு, வெளிநாட்டிலிருந்து மூலமருந்தை வாங்கிப் புட்டியில் அடைக்கும் இடமாக அது சுருக்கப்பட்டது. 2008 ஜனவரியில் கசௌலி மத்திய ஆய்வு நிறுவனம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பிசிஜி ஆய்வகம் ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமங்கள் ஒரே அடியில் நிறுத்திவைக்கப்பட்டன. தரக் குறைபாடு என்று காரணம் சொன்னார்கள். அந்தத் தரத்தை உயர்த்துவதற்குப் பணம் ஒதுக்காமல் இருந்தது யார் என்று அவர்கள் சொல்லவில்லை. நாட்டின் குழந்தைகளுக்கான அடிப்படைத் தடுப்பூசிகளில் பெரும்பங்கைக் குறைந்த விலையில் தந்து வந்தவை அவை. எதிர்ப்பும் நீதிமன்ற வழக்கும் எழுந்த பிறகு 2010-இல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் இழந்த இடத்தைத் தனியார் நிறுவனங்கள் அதற்குள் பிடித்துக்கொண்டன.

இதன் விளைவை 2021-இல் கண்டோம். பொதுத்துறை ஆய்வுக்கூடம் தந்த வைரசிலிருந்து உருவான தடுப்பூசிக்கு, மாநில அரசுகளிடம் 600 ரூபாய், தனியார் மருத்துவமனைகளிடம் 1,200 ரூபாய் என்று நிறுவனம் விலை அறிவித்தது. கண்டனம் எழுந்த பின்பே மாநிலங்களுக்கான விலை குறைந்தது. அதே நேரத்தில் செங்கற்பட்டில், பல நூறு கோடி ரூபாய் மக்கள் பணத்தில் கட்டப்பட்ட ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒரு புட்டி மருந்துகூடத் தயாரிக்காமல் பூட்டிக் கிடந்தது.

நமது கடமை

தோழர்களே, சுமக்கோவ் 1963-இல் லெனின் பரிசு பெற்றார். 1993-இல் மாஸ்கோவில் காலமானார். அவர் கட்டிய நாடு அதற்குள் சிதறிவிட்டது. ஆனால் அவர் கட்டிய ஆய்வு நிறுவனம் இன்றும் அவர் பெயரால் இயங்குகிறது. கோவிட் காலத்தில் தனக்கென ஒரு தடுப்பூசியையும் அது உருவாக்கியது. பொதுத்துறையில் கட்டப்பட்ட அறிவு, அதைக் கட்டிய ஆட்சியைக் காட்டிலும் நீண்ட நாள் வாழக்கூடும். அதனால்தான் அதைப் பாதுகாக்கும் போராட்டம் முக்கியமானது.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை என்று நான்கைச் சொல்வேன்.

முதலாவது, பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களை நவீனப்படுத்தி முழு அளவில் இயக்க வேண்டும் என்ற கோரிக்கை. செங்கற்பட்டு வளாகம் திறக்கப்படும்வரை அது நம் மேடைகளில் ஒலிக்க வேண்டும். தனியார்மயத்தை எதிர்க்கும் தீர்மானங்களில் வங்கி, காப்பீடு, இரயில்வே என்று பட்டியலிடும்போது, தடுப்பூசியை நாம் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, உண்மைக்கான உரிமை. நோயாளிகளின் எண்ணிக்கை, மரணங்களின் எண்ணிக்கை ஆகியவை அரசின் இரகசியங்கள் அல்ல. அவற்றை வெளியிடும் மருத்துவரும் செய்தியாளரும் தண்டிக்கப்படும்போது முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

மூன்றாவது, காட்டிலும் வயலிலும் உழைப்பவர்களின் நோய்களைத் தொழிற்சங்க, விவசாயத் தொழிலாளர் சங்கக் கோரிக்கைகளாக மாற்றுவது. உண்ணிக் கடியால் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு, நோய்ப் பகுதிகளில் ஆய்வக வசதி, புதிய தடுப்பூசிக்கு நிதி ஆகியவற்றை மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளின் கிளைகள் உடனடியாகக் கையிலெடுக்கலாம்.

நான்காவது, உங்களைப் பற்றியது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷா ஊழியர்களுக்கு விருது வழங்கிச் சிறப்பித்தது. ஆட்சியாளர்கள் கைதட்டினார்கள். ஆனால் இன்றுவரை உங்களைத் தொழிலாளர் என்று அழைக்க மறுக்கிறார்கள். தன்னார்வலர் என்கிறார்கள், ஊதியத்தை ஊக்கத்தொகை என்கிறார்கள். திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது.

சுமக்கோவின் வலது கையை ஒரு வைரஸ் பறித்துக்கொண்டது. அவர் தொடங்கிய வேலையை முடித்தவை ஆயிரம் ஆயிரம் பெண்களின் கைகள். அந்தக் கைகளுக்கு உரிய ஊதியத்தையும் உரிமையையும் பெற்றுத் தருவது கொள்ளைநோய்த் தடுப்புப் பணியின் ஒரு பகுதி என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். அடுத்த கொள்ளைநோய் நம் கதவைத் தட்டும்போது, பூட்டிக் கிடக்கும் ஆலையும் கூலியில்லாத ஊழியரும் மறைக்கப்பட்ட கணக்கும்தான் நம்மிடம் இருக்குமா, அல்லது வேறொன்று இருக்குமா என்பது, இப்போது நாம் நடத்தும் போராட்டங்களைப் பொறுத்தது.